குழந்தைகளுடன் நாட்டுப்புற இசை விழாவுக்குச் செல்வோர்க்கு

நாட்டுப்புற இசை விழாவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்ல நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, இரவில் பெரிய மேடையில் யார் பாடுகிறார் என்பதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பல ஆண்டுகளாக நேரில் கேட்கக் காத்திருந்த ஒரு பாடகருக்காக, நான்கு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்றேன். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். மறுநாள் காலையில், ஐம்பது பேர்கூட அமர முடியாத ஒரு சிறு கூடாரத்தில், மைக் எதுவும் இல்லாமல் ஒரு மூதாட்டி வயலினை வாசித்துக்கொண்டே நான்கு அடிகள் கொண்ட பல்லவி ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பல்லவி ஓராண்டுக்கும் மேலாக எங்கள் வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு நான் திட்டமிடும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். குழந்தை கலந்துகொள்ளக்கூடிய இடங்களை முதலில் குறித்துக்கொள்கிறேன். எஞ்சிய நேரத்தில்தான் எனக்குப் பிடித்தவற்றைத் தேடுகிறேன். கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்தைத் தொடர்ந்து வந்தவைதான்.

மற்ற இசை விழாக்களைக் காட்டிலும் நாட்டுப்புற இசை விழா குழந்தைகளுக்கு ஏற்றதாக இருப்பதற்கு அந்த இசையின் இயல்பே காரணம். 1947இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நாட்டுப்புற இசை மன்றம், 1954இல் இவ்விசைக்கு வகுத்த வரையறையில், வாய்வழியாகப் பரவிவரும் மரபின் விளைவு இது என்று கூறி, மூன்று கூறுகளைச் சுட்டியது: பழமையோடு இன்றைய பாட்டை இணைக்கும் தொடர்ச்சி, பாடுபவரின் படைப்பாற்றலால் நேரும் மாறுதல், எந்த வடிவம் நிலைக்க வேண்டும் என்று சமூகம் செய்யும் தெரிவு. காதால் கேட்டு வாயால் பாடுவதற்கென்றே அமைந்த பாட்டு என்பதால் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வயதிலும் இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்துகொள்ள முடிகிறது. ஆகவே குழந்தையை வெறும் பார்வையாளராக உட்கார வைத்தால், இந்த விழாவின் பெரும் பயனைப் பெறாமலே திரும்புவோம்.

விழாவையும் நிகழ்ச்சிகளையும் தேர்ந்தெடுத்தல்

விழாக்கள் எல்லாம் ஒரே அமைப்பில் நடப்பதில்லை. குழந்தையோடு செல்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. கனடாவில் 1974இல் தொடங்கிய வின்னிபெக் விழாவைப் போன்றவை ஒரு பூங்காவுக்குள் பல மேடைகளை அமைத்து நடத்தப்படுகின்றன; அங்கே பகல் நேரத்தில், வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்த கலைஞர்கள் ஒரே மேடையில் சேர்ந்தமர்ந்து, மாறி மாறிப் பாடியும் பேசியும் நடத்தும் அமர்வுகள் உண்டு. இங்கிலாந்தில் 1955 முதல் நடந்துவரும் சிட்மத் விழாவில் நிகழ்ச்சிகள் ஒரு கடற்கரை ஊர் முழுவதும் பரவிக் கிடக்கும். சுற்றுவேலி இல்லாத இத்தகைய இடங்களில் சாலைப் போக்குவரத்தையும் நீர்நிலையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். வாஷிங்டனில் 1967இல் தொடங்கிய ஸ்மித்சோனியன் நாட்டார் வாழ்வியல் விழாவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இசைக்கு இணையாகக் கைவினைஞர்களும் தங்கள் வேலையைச் செய்து காட்டுகிறார்கள். கட்டணம் செலுத்திய விழாவில், குழந்தை சோர்ந்த பிறகும் ‘கொடுத்த காசுக்காவது இருப்போம்’ என்று பிடிவாதமாக நிற்கத் தோன்றும். ஆகையால், முதன்முறை செல்பவர்கள் கட்டணமில்லாத விழாவையோ ஒருநாள் நுழைவுச்சீட்டையோ தேர்ந்தெடுப்பது நல்லது என்று கருதுகிறேன்.

பின்லாந்தின் கௌஸ்டினென் என்னும் சிற்றூரில் 1968 முதல் நாட்டுப்புற இசை விழா நடந்துவருகிறது. அவ்வூரின் வயலின் மரபை 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அவ்வூரைச் சேர்ந்த மௌனோ யார்வெலா உருவாக்கிய நாப்பாரி என்னும் கற்பித்தல் முறையில், தொடக்க நிலைச் சிறுவர்களும் தேர்ந்தவர்களும் ஒரே குழுவில் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் திறனுக்கேற்ற பகுதி அமைந்திருக்கும். தெரியாதவர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்னும் இந்தக் கொள்கையைத்தான், எந்த விழாவின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கும்போதும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ‘சேர்ந்து பாடுவோம்’, ‘தொடக்க நிலையினருக்கான நடனம்’, ‘கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம்’ என்ற வகையில் குறிப்பிட்டிருக்கும் நிகழ்ச்சிகளை முதலில் வட்டமிடுங்கள். குழந்தைகளுக்கென்று தனியே ஒதுக்கிய கூடாரம் இருந்தால் அதுவும் நல்லதே. ஆனால், நாள் முழுவதையும் அங்கேயே கழித்துவிட வேண்டாம். முகத்தில் வண்ணம் தீட்டுவதையும் காகிதம் மடிப்பதையும் வேறு எங்கும் செய்யலாம். முதியவர் ஒருவர் மூன்றடித் தொலைவில் அமர்ந்து பாடுவதைக் கேட்கும் வாய்ப்பு விழாவின் மற்ற இடங்களில்தான் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சூழ்நிலைக்கு விட்டுவிடுங்கள். காலையில் ஒன்று, மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஒன்று என்று அமைத்தால், நடுவில் உறக்கத்துக்கும் உணவுக்கும் புல்வெளியில் ஓடுவதற்கும் இடம் கிடைக்கும். இரண்டு பெரியவர்கள் உடன் செல்வதாக இருந்தால், யார் எந்த இரவு நிகழ்ச்சிக்குச் செல்வது, யார் குழந்தையோடு தங்குவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். களைத்துப்போன வேளையில் கூட்டத்தின் நடுவே இதைப் பேசத் தொடங்கினால் இருவருக்குமே மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

செல்வதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே, அங்கே பாடவிருப்பவர்களின் பாடல்களில் இரண்டு மூன்றை வீட்டில் ஒலிக்கவிடுவது பெரிதும் உதவும். குழந்தை தெரிந்த பாட்டைக் கேட்டால் துள்ளி எழும். தெரியாத பாட்டாக இருந்தால், பசியைப் பற்றித்தான் பேசும்.

காதுகளைக் காத்தல்

பெற்றோர் மிகுதியும் அசட்டையாக இருக்கும் இடம் இதுவே. நாட்டுப்புற இசை என்றால் மென்மையானது என்னும் எண்ணம் நமக்கு இருக்கிறது; ஆனால், பெரிய மேடையில் ஒலிபெருக்கிகள் வழியாக வரும்போது எந்த இசையும் உரத்ததுதான். வேலையிடங்களுக்காக வகுக்கப்பட்டு, பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு ஒன்று உண்டு: 85 டெசிபல் அளவுள்ள ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம், அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரம், 94க்கு ஒரு மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிடம். இசை அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநெறி, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலை மேல்வரம்பாக வைத்திருக்கிறது. இவ்விரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விதிகளுக்கு உட்பட்டு நடக்கும் நிகழ்ச்சியிலும் கால் மணி நேரத்திலேயே வளர்ந்தவர் ஒருவருக்கான அன்றைய அளவு தீர்ந்துவிடக்கூடும் என்பது விளங்கும். குழந்தைகளிடம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு அதே நிறுவனம் வகுத்த பாதுகாப்பு வரம்பு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்றும் இருப்பதே இதற்குச் சான்று.

எனவே, பெரிய மேடைக்குச் செல்லும்போது தலையைச் சுற்றி மாட்டும் காதுமூடியைக் குழந்தைக்கு அணிவியுங்கள். காதுக்குள் செருகும் பஞ்சு அடைப்பான்கள் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. சரியாகப் பொருந்துவதில்லை, பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டால் மூச்சை அடைக்கவும் கூடும். காதுமூடியை விழாவில்தான் முதன்முதலில் மாட்டுவது என்று வைத்துக்கொண்டால் குழந்தை அதைக் கழற்றி எறியும்; அதை ஒரு வாரம் முன்னதாகவே வாங்கி வந்து, பாத்திரம் தேய்க்கும்போதும் மிக்சி ஓடும்போதும் விளையாட்டாக அணிந்து பழகச் செய்யுங்கள்.

தொலைவும் ஒரு பாதுகாப்புதான். திறந்த வெளியில், ஒற்றை ஒலிபெருக்கியிலிருந்து நாம் இருக்கும் தொலைவு இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. செங்குத்தாக அடுக்கித் தொங்கவிடும் ஒலிபெருக்கி வரிசைகளில் இவ்வளவு விரைவாகக் குறையாது என்றாலும், பின்னால் செல்லச் செல்ல நன்மைதான். மேடையின் விளிம்பிலும் தரையிலும் வைத்திருக்கும் ஒலிபெருக்கிகள் குழந்தையின் காது உயரத்திலேயே இருப்பவை. நமக்கு இடுப்பளவில் போய்விடும் ஒலி அவர்களை நேராகத் தாக்கும். ஒலி கலக்கும் மேசை அமைந்திருக்கும் இடத்துக்குப் பின்புறம் ஓரமாகப் பாய் விரித்தால், ஒலியும் தெளிவாக இருக்கும், வெளியேறவும் வழி இருக்கும். பக்கத்திலிருப்பவரோடு பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடம் குழந்தைக்கு ஏற்றதன்று என்று கொள்ளுங்கள்.

வெயில், மழை, இடி

புற ஊதாக் கதிர்ச் சுட்டெண் 3 அல்லது அதற்கு மேல் இருக்கும் நேரங்களில் தொப்பியும் கையை மூடும் உடையும் சன்ஸ்கிரீனும் தேவை; வியர்வையில் கரைந்துபோகும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை வெயிலில் காட்டாமல் நிழலில் வைத்திருப்பதே முறை. தள்ளுவண்டியில் உறங்கும் குழந்தைக்கு வெயில் படக்கூடாது என்று துணியால் மூடிவிடும் பழக்கம் ஆபத்தானது. காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் விரைவாக ஏறிவிடும். வண்டியை நிழலுக்கு நகர்த்துங்கள்.

மழைக்கு மழைக்கோட்டும் மாற்றுடுப்பும் போதும்; இடிக்கு அவை போதா. மின்னலைக் கண்டதிலிருந்து இடியோசை கேட்கும்வரை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும் என்பதால், 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்கோ உலோகக் கூரையுள்ள காருக்கோ சென்றுவிட வேண்டும்; மரத்தடியும் துணிக் கூடாரமும் பாதுகாப்பல்ல. கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். இரவில் கூடாரத்தில் தங்குவோர், உள்ளே அடுப்பையோ கரியையோ எக்காரணம் கொண்டும் எரிக்கக் கூடாது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

பிரிந்துவிட்டால்

நுழைவாயிலைக் கடந்தவுடனே, நிகழ்ச்சி எதற்கும் செல்லும் முன்பாக, குழந்தையோடு அரங்கை ஒருமுறை சுற்றி வாருங்கள். கழிப்பறை, குடிநீர், முதலுதவிக் கூடாரம் ஆகியவற்றைக் காட்டிவிட்டு, ஊழியர்கள் அணிந்திருக்கும் சட்டையின் நிறத்தைக் குழந்தையையே சொல்லச் செய்யுங்கள். உங்கள் கைபேசி எண்ணை நீர் பட்டால் அழியாத மையால் குழந்தையின் முன்கையில் எழுதலாம், அல்லது கைப்பட்டையின் உட்புறத்தில் எழுதலாம். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், பெயர் சொல்லி அழைக்கும் அந்நியரைக் குழந்தை எளிதில் நம்பிவிடும். வழி தவறினால், ‘எங்களைத் தேடி ஓடாதே, அங்கேயே நில், அந்தச் சட்டை அணிந்தவரிடமோ குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்’ என்று சொல்லிக்கொடுத்து, ஒருமுறை நடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் குழந்தையை அதே உடையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், தேடும்போது அடையாளம் சொல்லத் தடுமாற வேண்டியிருக்காது.

இருட்டியதும் மினுமினுக்கும் பொம்மைகளைக் கேட்டுக் குழந்தைகள் அடம் பிடிப்பார்கள். அவற்றுள் வட்ட மின்கலம் இருந்தால், மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே வாங்குங்கள். விழுங்கப்பட்ட மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே கடுமையாக அரித்துவிடும். சந்தேகம் வந்த அக்கணமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கலைஞர்களிடம் நடந்துகொள்ளும் முறை

விழாவில் நான் மிகவும் விரும்பும் பகுதி, மேடைக்கு வெளியே மரத்தடியிலும் கூடாரத்தின் ஓரத்திலும் கலைஞர்கள் வட்டமாக அமர்ந்து தங்களுக்குள் வாசித்துக்கொள்ளும் வேளைதான். குழந்தைக்கு இதைவிட நல்ல வகுப்பறை அமையாது. ஆனால், இதற்கென்று சில நடைமுறைகள் உண்டு. வட்டத்துக்குள் காலியாக இருக்கும் இருக்கை வாசிப்பவருக்குரியது. நாம் வெளி வரிசையில் அமர வேண்டும். ஒரு பாட்டு முடிந்து மற்றொன்று தொடங்குவதற்கு இடையில்தான் எழுவதும் நகர்வதும் பேசுவதும். குழந்தை கிலுகிலுப்பையோ சிறு பறையோ வைத்திருந்தால், வட்டத்தை நடத்துபவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். தாளம் தவறிய ஒரு கருவி பத்துப் பேரின் வாசிப்பையும் குலைத்துவிடும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எளிமையான ஒரு தாளத்தைக் காட்டிக்கொடுத்து அருகில் அமர்த்திக்கொள்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கருவியைத் தொடுவதும் அப்படியே. ‘தொடாதே’ என்று மட்டும் சொல்வதைவிடக் காரணத்தைச் சொன்னால் குழந்தைகள் மதித்து நடக்கிறார்கள். வயலின் வில்லின் முடியில் விரல் பட்டால் தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டு, வில்லுக்குத் தேய்க்கும் குங்கிலியம் பிடிக்காமல் போய், தந்தியில் வில் வழுக்கும். இதை ஒருமுறை கேட்ட என் மகள், பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தொடங்கிவிட்டாள். தானாகவே போய்க் கேள்வி கேட்கும்படி குழந்தையைத் தூண்டுங்கள். ‘இந்தப் பாட்டை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?’ என்ற ஒரு கேள்வி போதும். பாட்டியிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம், மீன்பிடிப் படகில் என்று வரும் விடைகளிலிருந்து, பாட்டு என்பது ஒரு மனிதரிடமிருந்து மற்றொரு மனிதருக்கு வருவது என்பதைக் குழந்தை தானே உணர்ந்துகொள்கிறது.

வட்ட நடனங்களிலும் வரிசை நடனங்களிலும் குழந்தையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள். செருப்புக்குப் பதிலாக மூடிய காலணி அணிவியுங்கள். கையைப் பிடித்துச் சுழற்றும் அசைவு வந்தால் நாம் குனிந்து மெதுவாகச் சுழல வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, கையைப் பிடித்து வெடுக்கென இழுத்தால் முழங்கை மூட்டு எளிதில் நழுவிவிடும்.

பாட்டின் பொருள்

பழைய கதைப்பாடல்களில் கொலையும் துரோகமும் பிள்ளையை இழந்த தாயின் ஒப்பாரியும் ஏராளம். நிகழ்ச்சி நிரலில் ‘சைல்ட் பாலட்’ என்று கண்டால், குழந்தைப் பாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகியவற்றின் கதைப்பாடல்களில் 305ஐத் தொகுத்து 1882 முதல் 1898 வரை வெளியிட்ட அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் பெயரால் வழங்குவது அது. அவற்றுள் பல இரத்தம் தோய்ந்தவை. இதற்காகக் குழந்தையை அங்கிருந்து இழுத்துச் செல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மெட்டோடு வரும் துயரத்தைக் குழந்தைகள் நாம் எண்ணுவதைவிடத் திடமாகத் தாங்கிக்கொள்கிறார்கள். ‘அவள் ஏன் செத்துப் போனாள்?’ என்று கேட்டால், உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பேச்சை மாற்றினால்தான் அச்சம் உள்ளே தங்கிவிடுகிறது. இரவில் தூங்கப்போகும் முன் மட்டும் இத்தகைய பாட்டு கடைசியாக அமையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நேரமும் திரும்பிய பிறகும்

குழந்தை சோர்ந்து அழத் தொடங்கிய பின் கிளம்புவது காலம் கடந்த செயல். கண்ணைக் கசக்குவது, காதுமூடியைப் பிடுங்குவது, கேட்டதற்கெல்லாம் ‘வேண்டாம்’ என்பது ஆகிய முதல் அடையாளங்கள் தெரிந்தவுடன், பாட்டின் முடிவுக்குக் காத்திருந்து, கைதட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். பாதிப் பாட்டில் எழாமலிருப்பது கலைஞருக்குச் செய்யும் மரியாதை என்பதையும் குழந்தை அப்போதே கற்றுக்கொள்ளும். வெளியேறும் கூட்டம் நெரிக்கும் என்பதால் கடைசிப் பாட்டுக்கு முன்பே புறப்படுவது எப்போதும் எளிது. மறுநாள் பள்ளி இல்லாதபடி நாளைத் தேர்ந்தெடுத்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாட்களில், குளிக்கும்போதோ விளையாடும்போதோ அந்தப் பாட்டு குழந்தையின் வாயிலிருந்து வெளிவரும். சொற்கள் மாறியிருக்கும், இரண்டு பாட்டுகள் ஒன்றாகக் கலந்திருக்கும், புரியாத இடத்தில் வீட்டுப் பூனையின் பெயர் புகுந்திருக்கும். பதிவு செய்த பாட்டைப் போட்டுக் காட்டித் திருத்தாதீர்கள். 1954ஆம் ஆண்டு வரையறை மாறுதல் என்று குறித்தது இதைத்தான். குழந்தை பாடியபடியே ஒரு தாளில் எழுதி, யாரிடம் கேட்டது, எந்த விழாவில், எந்தத் தேதியில் என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கலைஞரையே மறுபடியும் சந்திக்க நேர்ந்தால், அந்தத் தாளை எடுத்துச் சென்று, குழந்தையை அவருக்கு அதைப் பாடிக் காட்டச் சொல்லுங்கள்.